சாப்பிடாத இனிப்பு

முதல் ரத்தம் ஏழு இருபதுக்கு எடுத்தாயிற்று. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இரண்டாவது. லேப் பெண் சீட்டின் ஓரத்தில் 9.50 என்று எழுதி வட்டம் போட்டு, "லேட்டாவும் வராதீங்க, சீக்கிரமாவும் வராதீங்க ஆன்ட்டி" என்று சொல்லியிருந்தாள். எங்கே போய்விட்டு வருவது. திலகவதி பக்கத்துக் கடையில் மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, அதே மூன்றாவது நாற்காலியில், அதே சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். வழக்கமாக நான்கு இட்லி. கணவர் அருணகிரி காலையில் ஸ்கூட்டரில் இறக்கிவிடும்போது, "ரெண்டோட நிறுத்திக்க, நம்பர் நல்லா வரும்" என்று சொல்லியிருந்தார். நாலுக்கும் ரெண்டுக்கும் நடுவில் மூன்று. யாருக்கும் பொய் சொல்லாத மாதிரியும் இருந்தது, எல்லோருக்கும் கொஞ்சம் சொன்ன மாதிரியும் இருந்தது. ஆனால் இரண்டாவது ரத்தத்தை ஏமாற்றி என்ன ஆகப்போகிறது. முதல் ரத்தத்திலேயே மூன்று மாதச் சர்க்கரையையும் பார்த்துவிடுகிறார்கள். அதற்கு இட்லிக் கணக்கு தெரியாது, ஒரு வாரம் பாகற்காய் தின்றதும் தெரியாது. மூன்று மாதமாக என்ன செய்தாய் என்பது மட்டும்தான் தெரியும். போன தடவை எட்டு புள்ளி ஒன்பது. எட்டுக்குக் கீழே வராவிட்டால் இன்சுலின் என்று டாக்டர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். ஊசியைப் பற்றி அவளுக்குப் பெரிய பயமில்லை. குத்தினால் வலிக்கும், பிறகு வலிக்காது. எட்டுக்குக் கீழே வராவிட்டால் அருணகிரி என்ன நினைப்பார் என்பதுதான். அவர் நினைப்பார் என்பதுகூட இல்லை, ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு அது காகிதத்தில் அச்சாகி வந்துவிடும். அவ்வளவுதான்.

முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. நாடாவை ஓரத்தில் லேசாகத் தூக்கிவிட்டு மறுபடி ஒட்டினாள். அந்த இடத்தில்தான் காலையில் செண்ட் அடித்துக்கொண்டாள். அது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. எங்கே நாடி துடிக்கிறதோ அங்கே, மணிக்கட்டு, காதுக்குப் பின்னால், முழங்கை மடிப்பு, அங்கெல்லாம் உடம்பு சூடாக இருக்கும், சூட்டில் வாசனை கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும் என்று ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஷெரின் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஊசி போடுகிறவர்களும் அதே இடத்தைத்தான் தேடுகிறார்கள். லேப் பெண் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு, இன்னொரு துடைப்பு. நிமிர்ந்து ஒரு கணம் முகத்தைப் பார்த்தாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று திலகவதி கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் சொன்னது, "கையை நல்லா மடக்குங்க" என்பது மட்டும். லேப் கழிவறைக்குள் போய் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து அந்தச் சின்னப் பாட்டிலை எடுத்திருக்கவே வேண்டாம். இதுவரை காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒருநாளும் போட்டதில்லை. காலேஜ் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், பெண்கள் அறையில், யாரும் இல்லாதபோது. இன்றைக்கு பயம். பயத்துக்கு மற்றவர்கள் திருநீறு பூசிக்கொள்வார்கள்.

"யாருங்க அது, பால்கோவா கொண்டாந்தது?" எதிர் வரிசையில் ஒரு பருத்த ஆள் சத்தமாகக் கேட்டார். காக்கிச் சட்டை, ஆட்டோக்காரர் போலிருந்தது. வெறும் வயிற்றில் உட்கார்ந்திருக்கிற முகம். "பால்கோவா இல்லைங்க, வெண்ணிலா கேக்கு" என்றாள் அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண், பச்சைச் சேலை, மடியில் ஹெல்மெட். "என்ன கேக்கோ, நைட்டு எட்டு மணிக்கு சாப்ட்டது. இங்க வந்து ஒக்காந்தா இப்பிடி. மனசாட்சி வேணாம்?" "சுகர் பாக்க வர்ற எடத்துல ஸ்வீட்டை எவங்க கொண்டாருவான், உங்க மூக்குதான் ஏங்கிக் கெடக்கு." "நாலு வருசமா ஏங்குதும்மா. இதைப் போயி இன்னைக்கு மாத்த முடியுமா?" நாலைந்து பேர் சிரித்தார்கள். ஓரத்தில் இருந்த இளைஞன் போனிலிருந்து தலையைத் தூக்கி, காற்றை இரண்டு தடவை மோந்துவிட்டு மறுபடி குனிந்தான். திலகவதியும் சிரித்தாள். சிரிக்காமலிருந்தால் தெரிந்துவிடும். கைப்பையை மடியில் இழுத்து இரண்டு மணிக்கட்டையும் அதற்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு எந்த வாசனையும் வரவில்லை. அதுதான் தப்பு நடந்த இடம். இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து மோந்து பார்த்தபோது ஒன்றும் வரவில்லை, போய்விட்டது என்று நினைத்து மறுபடி கழிவறைக்குப் போய் இரண்டு அடி. ஷெரின் தலையில் அடித்துக்கொள்வாள். "அக்கா, இருபது நிமிஷம் ஆனா உங்க மூக்கு அதைக் கணக்குலேர்ந்து எடுத்துரும். உங்களுக்கு வரலேன்னா ஊருக்கு வரலேன்னு அர்த்தம் இல்லை. வெளியில போயி ரெண்டு நிமிஷம் நின்னுட்டு வந்து பாருங்க. சந்தேகமா இருந்தா போடாதீங்க." சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

ஷெரின் அட்மிஷன் பிரிவுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. அவள் கடந்துபோனால் பின்னால் ஒரு வாசனை போகும், மில்க்மெய்ட் டின்னைத் திறந்த மாதிரி. ஒருநாள் கோப்பைக் கொடுக்கும் சாக்கில் பக்கத்தில் நின்று, "ஏதாவது சாப்பிட்டியாம்மா" என்று திலகவதி கேட்டாள். ஷெரின் விழுந்து விழுந்து சிரித்தாள். "சாப்பிடலக்கா, போட்டிருக்கேன்." கையை நீட்டினாள். சர்க்கரை பாகாகி, பாகு சிவந்து, கரிவதற்கு ஒரு நொடிக்கு முன்னால் அடுப்பை அணைத்தால் என்ன வருமோ, அது. அடியில் பால். இன்னும் அடியில் ஏதோ மரம், புது அலமாரியின் உள்பக்கம் மாதிரி. திலகவதி அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள், ஒரு பிள்ளையின் கையைப் பிடித்த மாதிரி. அப்போது அவளுக்கு இனிப்பை நிறுத்தச் சொல்லி ஆறு மாதம். நிறுத்தியும் இருந்தாள், நிறுத்தாமலும் இருந்தாள். ஆபீஸில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஒரு துண்டு, கோயில் பிரசாதம் என்றால் பிரசாதம்தானே. இது பாவமில்லாமல் உள்ளே வந்தது. நாக்குக்குப் போகாமல் நேராகத் தொண்டைக்கு அடியில் எங்கோ போய் உட்கார்ந்தது. "இதுல சர்க்கரை இருக்குமா?" என்று கேட்டாள். "தோல் வழியா உள்ள போயிருமா?" ஷெரினுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது சிரித்து. "அக்கா, இது முக்கால்வாசி ஸ்பிரிட்டுக்கா. மீதி வாசனை. சர்க்கரையே கெடையாது." தெரியும். தெரிந்தும் இன்றைக்கு, இந்த நாற்காலியில், அந்தக் கேள்வி மறுபடி வந்து நிற்கிறது. நான்கு மாதமாகத் தினமும் தோலில் இனிப்பு. உடம்புக்கு அது இனிப்பில்லை என்று யார் சொல்லியிருப்பார்கள்.

ஷெரின்தான் போனில் வரவழைத்துக் கொடுத்தாள், ஒரு விரல் உயரப் பாட்டில். மதிய இடைவேளையில் வகுப்பு எடுத்தாள். குளித்து ஈரம் காயுமுன் போட்டால் நிற்கும். வறண்ட தோலில் நிற்காது, அந்த இடத்தில் முதலில் துளி வாசலின் தடவிக்கொள்ளலாம், தேங்காயெண்ணெய் வேண்டாம், அது தன் வாசனையைக் கொண்டுவந்துவிடும். ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டோடு மணிக்கட்டைத் தேய்க்கவே கூடாது. "எல்லாரும் தேய்ப்பாங்கக்கா, சினிமால பாத்துட்டு. தேச்சா முதல்ல வர்றது சீக்கிரம் ஓடிப்போயிரும். அப்படியே விடுங்க. முதல்ல ஸ்பிரிட் வாசனைதான் வரும், ஏமாந்துறாதீங்க. பொறுத்தாத்தான் பாகு வரும். மத்தியானத்துக்கு மேல பாலு. சாயங்காலம் மரம்." சித்திரை வெயிலில் ஒரே அடி, அதுவும் ரவிக்கையின் உள்மடிப்பில், இல்லாவிட்டால் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குக் குமட்டும். மழைநாளில் இரண்டு அடிக்கலாம், மழைக்கும் இனிப்புக்கும் ஒத்துப்போகும். பட்டில் படக்கூடாது, கறை விழும். "மல்லிப்பூ வெச்சா இது வேண்டாம்க்கா. ரெண்டும் சண்டை போட்டுக்கும், நடுவுல நீங்க மாட்டிக்குவீங்க." திலகவதி மல்லிகை வைப்பதை நிறுத்தினாள். முப்பது வருஷப் பழக்கம். அருணகிரி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பூ இல்லாததைக் கவனிக்காதவர் வாசனை இருப்பதைக் கவனித்தார். சாயங்காலம் காப்பி கொடுக்கக் குனியும்போது ஒருநாள், "என்ன, பார்ட்டியா ஆபீஸ்ல?" என்றார். "இல்லையே." "ஸ்வீட் வாசனை அடிக்குது." அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். அவர் அதற்குள் பேப்பரை விரித்துவிட்டார்.

சொல்லாததற்குக் காரணம் ஒன்று மட்டும் இல்லை. கல்யாணமான புதிதில் அவர் தங்கை ஒரு கல்யாணத்துக்கு செண்ட் போட்டுக்கொண்டு வந்தாள். வீடே சிரித்தது. "செண்டு போட்டுக்கிட்டு யாரைப் பாக்கப் போறா?" அருணகிரியும் சிரித்தார். அவர் மறந்திருப்பார். ஐம்பத்தொரு வயதில், காலேஜ் ஆபீஸ் சூப்பிரண்டென்ட், நரைக்கு மை போடுவதையே விட்டுவிட்டவள், ஐஸ்கிரீம் வாசனையில் செண்ட் போட்டுக்கொள்கிறாள் என்பதைவிட, ஒளித்து வைத்து ஸ்வீட் தின்கிறாள் என்பது கௌரவமாக இருந்தது. ஸ்வீட் தின்பது பலவீனம். எல்லோருக்கும் இருப்பது. இது வேறு என்னவோ. அதனால் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டாள். அவர் திட்டவில்லை. தேட ஆரம்பித்தார். அரிசி டிரம்மின் மூடி ஒருநாள் சரியாக மூடாமல் இருந்தது. ஃப்ரீசரில் பட்டாணி இடம் மாறியிருந்தது. போன மாதம் குளித்துவிட்டு வந்தபோது கைப்பையின் ஜிப் அவள் விடுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றிருந்தது. கண்ணாடிக் கூட்டை அவர் திறக்கவில்லை. கூட்டில் கண்ணாடிதானே இருக்கும் என்று நினைத்திருப்பார். பெரிய மனிதர், அரசாங்க இன்ஜினியர், குளியலறைத் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் ஜிப்பை மூட அவசரப்பட்டிருக்கிறார். அதை நினைத்தபோது கோபம் வரவேண்டும். வரவில்லை. அவளும் தேடியிருக்கிறாள்.

தன் சொந்த அக்கா, சரோஜாக்காவின் தலையணைக்கு அடியில். ஆஸ்பத்திரியில் அல்ல, அதற்கு மூன்று நாள் முன்னால், வீட்டில். காலில் புண் வந்து அக்கா படுத்திருந்தாள், பெருவிரலுக்குக் கீழே ஒரு சின்னப் புண், பட்டாணி அளவு. திலகவதி லீவு போட்டுப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தாள். குனிந்து போர்வையை இழுத்துவிட்டபோது அக்காவின் வாயிலிருந்து அடித்தது. கனிந்த பழம், கொஞ்சம் அதிகமாகக் கனிந்தது, அதன்மேல் மிட்டாய் மாதிரி ஒரு இனிப்பு. "என்னக்கா சாப்பிட்டே?" "ஒண்ணும் இல்லடி." "பொய் சொல்லாதே." "சத்தியமா சாப்பிடல." தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். மெத்தைக்கு அடியில். ஜன்னல் கட்டையில் இருந்த பவுடர் டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. இல்லாததே அவளுக்கு ஆத்திரத்தைக் கூட்டியது, எவ்வளவு சாமர்த்தியமாக ஒளிக்கிறாள் என்று. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டிருந்தா சொல்லிடுக்கா. திட்ட மாட்டேன்" என்றாள். அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கே ஒரு சின்ன டாக்டர், முகத்தில் பரு இருந்த பையன், மிகவும் சாதாரணமாகச் சொன்னான். "சுகர் ரொம்ப ஏறிட்டா மூச்சு அப்படித்தாங்க வரும், பழ வாசனை மாதிரி. சாப்பிட்டதுனால இல்லை. நீங்க எப்பலேர்ந்து கவனிச்சீங்க?" மூன்று நாளாக என்று அவள் சொல்லவில்லை. இன்னைக்குத்தான் என்றாள்.

அதற்குமேல் அதில் நினைக்க ஒன்றும் இல்லை. நினைப்பு எப்போதும் அங்கே வந்து நிற்கும், சுவர்ப்பக்கம் திரும்பிய தலையில், முடிச்சுப் போடாத கூந்தலில். பிறகு வேறு எங்காவது போய்விடும். அருணகிரி சந்தேகப்படட்டும் என்று விட்டதில் இதுவும் இருக்கிறதோ. அக்கா சந்தேகத்துக்கு ஆளான மாதிரி தானும் கொஞ்சநாள். அப்படி நினைப்பது நாடகமாகத் தெரிந்தது. ஷெரினின் கையை முதலில் மோந்தபோது அக்காவின் வாய் ஞாபகம் வரவில்லையா? வந்தது. ஒரு நொடி வந்தது, பழம் இல்லை இது பாகு என்று மூக்கு பிரித்துச் சொன்னது, போய்விட்டது. பயமுறுத்துகிற இனிப்பும் ஆசையான இனிப்பும் ஒரே வாசலில்தான் நிற்கின்றன. இப்போது தன் மூச்சு எப்படி இருக்கிறது? உள்ளங்கையைக் குவித்து வாய்க்கு முன்னால் வைத்து ஊதினாள். இட்லி மிளகாய்ப்பொடி. அதற்குக் கீழே ஏதாவது இருந்தாலும் அவளுக்கு வராது. இருபது நிமிஷத்தில் மூக்கு கணக்கிலிருந்து எடுத்துவிடும். அக்காவுக்கும் தன் வாசனை தெரிந்திருக்காது. அதனால்தான் அப்படிப் பார்த்தாளா, இவள் எதைச் சொல்கிறாள் என்று.

"மேடம், நீங்களா?" பச்சைச் சேலைக்காரி குனிந்து ரகசியமாகக் கேட்டாள். எப்போது பக்கத்து நாற்காலிக்கு வந்தாள் என்று தெரியவில்லை. ரத்தம் கொடுத்துவிட்டாள் போல, முழங்கையை மடக்கிப் பிடித்திருந்தாள். "எது?" "வாசனை." திலகவதிக்குக் காது சூடாகியது. "ஆமாம்" என்றாள். வெளியில் அந்த வார்த்தை வந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. யார் என்றே தெரியாதவளிடம் இவ்வளவு சுலபம். "நினைச்சேன். அந்த அண்ணன்கிட்ட சொல்லாதீங்க, உங்க கையைக் கடிச்சிருவாரு. என்ன வெலை?" அப்போது போன் அடித்தது. அருணகிரி. "எத்தனை சாப்பிட்டே?" "மூணு." "ரெண்டுன்னு சொன்னேனே." "பசிச்சுது." அவர் பெருமூச்சு விட்டாரா, ரோட்டுச் சத்தமா. "சரி. பத்து மணிக்கு வாசல்ல நிக்கறேன்."

ஒன்பது ஐம்பதுக்கு லேப் பெண் அவள் பெயரைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை இடது கை. ஸ்பிரிட் பஞ்சை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். "ஆன்ட்டி, ஒண்ணு சொல்லவா? தப்பா நினைக்காதீங்க. சூப்பரா இருக்கு. ஆனா ஒரு ஸ்ப்ரே போதும்." ஊசி உள்ளே போனபோது திலகவதி சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று மாத ரிசல்ட் வந்துவிட்டது என்று ஜன்னலில் காகிதத்தைக் கொடுத்தார்கள். எட்டு புள்ளி ஆறு. எட்டு புள்ளி ஒன்பதிலிருந்து எட்டு புள்ளி ஆறு. மூன்று மாதமாக ஒரு துண்டு இல்லை, பிரசாதம் இல்லை, ஷெரினின் பிறந்தநாள் கேக்கைக்கூடத் தட்டோடு ஒதுக்கி வைத்தாள், அதற்குப் புள்ளி மூன்று. சில உடம்பு அப்படித்தான் என்று டாக்டர் சொல்லக்கூடும். வயதாகிறது, மாத்திரை பழகிவிடுகிறது என்பார். காகிதத்தில் அது எழுதியிருக்கவில்லை. காகிதத்தில் நம்பர் மட்டும் இருந்தது, கறுப்பில், பக்கத்தில் அளவுக்கு மேல் என்று மேல்நோக்கி ஒரு அம்புக்குறி.

வாசலில் அருணகிரி ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு நின்றிருந்தார். கையை நீட்டினார், கொடுத்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காகிதத்தை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தார். மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து. நான்காக மடித்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, ஒரு சோர்வுதான். இதை எதிர்பார்த்தேன் என்பதும், எதிர்பார்த்தது நடந்திருக்க வேண்டாம் என்பதும். குரலைத் தணித்துக்கொண்டார்.

"திலகா, சாப்பிட்டிருந்தா சொல்லிடு. நான் திட்ட மாட்டேன்."

லேப்பின் சுற்றுச்சுவர் பக்கத்திலேயே இருந்தது. மஞ்சள் சுண்ணாம்பு, கீழே வெற்றிலைக் கறை. அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வது எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தெரிந்தது. கழுத்து பாதி திரும்பியும் விட்டது. பிறகு கைப்பையைத் திறந்தாள். கண்ணாடிக் கூட்டை எடுத்து, மூடியைத் தூக்கினாள்.

"கையை நீட்டுங்க."

"என்னது?"

"நீட்டுங்க சொல்றேன்."

நீட்டினார். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மணிக்கட்டில் ஒரு அடி அடித்தாள். அவர் திடுக்கிட்டு, சானிடைசர் மாதிரி இரண்டு கையையும் சேர்த்துக்கொள்ளப் போனார்.

"தேய்க்காதீங்க. அப்படியே விடுங்க."

அவர் மோந்து பார்த்தார். "ஊசி போடற வாசனை" என்றார்.

"பொறுங்க."

நின்றார்கள். ரிப்போர்ட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டும், இன்னொரு கையைத் தட்டில் வைத்த மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டும் அவர் நின்றார். செக்யூரிட்டி வந்து, "சார், வண்டியைக் கொஞ்சம் தள்ளுங்க, ஆம்புலன்ஸ் வரும்" என்றார். "ஒரு நிமிஷம்ப்பா" என்றார் அருணகிரி, கையை அசைக்காமல். காக்கிச் சட்டைக்காரர் ஒரு கையைப் பஞ்சோடு மடக்கிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனார், போகிறபோது அவர்களை ஒரு பார்வை பார்த்தார். அருணகிரி மறுபடி கையை மூக்கருகே கொண்டுபோனார். கொண்டுபோனவர் எடுக்கவில்லை. திலகவதி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசி டிரம்மும் ஃப்ரீசரும் ஜிப்பும் ஒவ்வொன்றாக அதில் வந்து போவது தெரிந்தது.

"இதுவா" என்றார்.

"இதுதான்."

"நாலு மாசமா?"

"ஒண்ணுகூட சாப்பிடல."

ரிப்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்து, வண்டியை எடுத்தார். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். அவளுக்கு இன்னும் எந்த வாசனையும் வரவில்லை, டீசல் புகையும் அவர் சட்டையின் சோப்பும் மட்டும். சிக்னலில் நின்றபோது அவர் வலது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து மறுபடி மோந்துகொள்வதை வண்டிக் கண்ணாடியில் பார்த்தாள். சிவப்பு விளக்கில் முப்பது நொடி மீதி இருந்தது.

"ஒரு வேளைக்கு எத்தனை அடிக்கணும்?" என்று திரும்பாமல் கேட்டார்.

"ரெண்டு. வெயில்ல ஒண்ணு."

தலையாட்டினார். பதினேழு, பதினாறு.

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"